யாரிடமும் கேட்காமல் கிளம்ப ஒரு பஸ்

வயதானவர்களின் உலகம் சுருங்கிக்கொண்டே வருவதை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏனென்றால் முக்கியமான பயணம் எதுவும் நிற்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவது நிற்காது. வங்கியில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் யாராவது ஒருவர் லீவு போட்டாவது கூட்டிக்கொண்டு போய்விடுவார். நிற்பது மற்றதெல்லாம்தான். பழைய சிநேகிதி வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வருவது, நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பது, மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று கடைக்குப் போவது, எதுவும் வாங்காமல் கடைத்தெருவில் சும்மா ஒரு நடை நடந்துவிட்டு வருவது. இதற்கெல்லாம் "என்னைக் கொண்டுபோய் விடு" என்று பிள்ளையிடம் கேட்க அவர்களுக்கு வாய் வராது. கேட்டால் "எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லும்படியான காரணம் எதுவும் இருக்காது. அதனால் கேட்பதில்லை. கேட்காததால், "அம்மாவுக்கு இப்பல்லாம் வெளியே போகப் பிடிக்கிறதில்லை" என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

"சொன்னால் நான் கொண்டுபோய் விட மாட்டேனா?" என்று பிள்ளைகள் கேட்பது உண்மையான அன்போடுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முப்பது நாற்பது வருடம் தன் விருப்பப்படி கிளம்பிப் போய் வந்த ஒருவருக்கு, ஒவ்வொரு தடவையும் இன்னொருவரின் நேரத்தைக் கடன் கேட்பது எவ்வளவு கூச்சமான விஷயம் என்பதைக் கேட்கிற இடத்தில் இருப்பவர்தான் அறிவார். கொடுக்கிறவர் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கேட்பது கேட்பதுதான். பொதுப் போக்குவரத்து வயதானவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இடத்துக்கு இடம் கொண்டுபோய் விடுவதைக் கார் இன்னும் நன்றாகவே செய்யும். பஸ்ஸிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, போய் ஏறினால் போதும்.

என் பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. முழங்கால் வலி உண்டு, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தோழி ஒருவர் பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிற தூரத்தில் இருக்கிறார். பெரியம்மா பஸ்ஸில்தான் போய் வருகிறார். ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். "ஏன் பெரியம்மா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே வண்டியில கொண்டுபோய் விட்டிருப்பேனே?" அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "நீ வந்தா வாசல்ல வண்டிய நிறுத்திட்டு மணியப் பாத்துக்கிட்டு நிப்பே. பஸ்ஸுன்னா, இது போனா அடுத்தது. நான் பேசி முடிச்சிட்டுக் கெளம்புவேன்."

முதுமையில் சுதந்திரம் என்றால் என்ன என்று நான் படித்த எந்த விளக்கமும் இந்த அளவுக்கு என் மனதில் தைக்கவில்லை. போகும் நேரத்தைப் போலவே திரும்பும் நேரமும் அவர் கையில் இருக்க வேண்டும் என்கிறார். பிள்ளையின் காரில் போகிறவர் திரும்பும் நேரத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறார்.

சொந்தமாக வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையே என்று தோன்றலாம். அவர்களுக்கும் உண்டு, கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டிய ஓட்டுநர்களைப் பற்றி 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. 70 முதல் 74 வயதுக்குள் இருப்பவர்களில், வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஆண்கள் சராசரியாக ஏறத்தாழ 7 வருடமும் பெண்கள் ஏறத்தாழ 10 வருடமும் உயிரோடு இருப்பார்கள் என்று அது கணக்கிட்டது. ஏறக்குறைய எல்லோரும் காரை நம்பி வாழும் ஒரு நாட்டில், பத்து வருடம் கார் இல்லாமல்! ஸ்டியரிங்கை விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான ஒரு கட்டுரை, ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது என்றது. உடம்புக்கு முடியாமல் போவதால்தான் பலர் ஓட்டுவதை நிறுத்துகிறார்கள், அதனால் எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது சுலபமில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவதற்கும், சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவில் பஸ் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை. ஜப்பானில் வயதானவர்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தாங்களாகவே திருப்பிக் கொடுப்பதற்கு 1998 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது, கொடுப்பவர்களுக்குப் பஸ், டாக்சி கட்டணத்தில் சலுகை தரும் ஊர்களும் உண்டு. உரிமத்தை வாங்கிக்கொண்டால் அதற்கு மாற்றாக ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பஸ்ஸே வராத கிராமத்தில் பஸ் சலுகையை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் என்ன செய்வார்?

இலவசப் பயணத்திலும் இதே சிக்கல்தான். லண்டனில் முதியவர்களுக்கான இலவசப் பயண அட்டை 1973 முதல் இருக்கிறது. இங்கிலாந்து முழுவதும், ஊர் எல்லை தாண்டியும், உள்ளூர்ப் பஸ்களில் இலவசமாகப் போகலாம் என்ற ஏற்பாடு 2008 ஏப்ரலில் வந்தது. வார நாட்களில் பொதுவாகக் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும், வேலைக்குப் போகும் கூட்டம் குறைந்த பிறகு. இதற்குச் செலவு அதிகம், வசதி உள்ளவர்களுக்கும் ஏன் இலவசம் என்று அங்கே விவாதம் ஓய்ந்ததே இல்லை. நியாயமான கேள்விதான். எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை மறைக்கவில்லை. டிக்கெட் காசு மிச்சமாவதைவிட, "இந்தப் பயணம் இந்தக் காசுக்குத் தகுமா?" என்று மனதுக்குள் கணக்குப் போடும் பழக்கம் போய்விடுவதுதான் இலவசத்தின் பெரிய பலன். வயதானவர்கள் தங்களுக்காகச் செலவு செய்யும்போதுதான் மிகவும் கறாராக இருப்பார்கள். பேரப்பிள்ளைக்கு என்றால் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பவர், தன் சந்தோஷத்துக்காக ஒரு டிக்கெட் வாங்க நாலு தடவை யோசிப்பார். அந்த யோசனையே இல்லாமல் செய்துவிட்டால் "சும்மா போய்விட்டு வருகிறேன்" என்ற பயணங்கள் திரும்ப வருகின்றன. ஆனால் அட்டை பர்ஸில் இருந்து பஸ் ரோட்டில் இல்லையென்றால் எந்தப் பயனும் இல்லை. சலுகையை அறிவிப்பது சுலபம், நாள் முழுக்கப் பஸ் ஓட்டுவதுதான் கஷ்டம்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் முதியவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து எடுத்த தகவல்களை வைத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு உடல் பருமன் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகிறவர் நிறுத்தம் வரை நடக்கிறார், இறங்கிய பிறகும் நடக்கிறார், திரும்பும்போதும் அதே நடை. அறுபத்தைந்து தாண்டியவர்களும் முடிந்தால் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் சொன்னார் என்று காலையில் வாக்கிங் போக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களை நமக்கெல்லாம் தெரியும். போக ஓர் இடம் இருந்து அதற்காக நடப்பவர் அவ்வளவு சீக்கிரம் விட மாட்டார்.

இப்போது பஸ்ஸில் ஏறும் அந்தப் படி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் பேசிய எல்லாமே கடைசியில் இந்தப் படியில்தான் வந்து நிற்கிறது.

வீட்டு மாடிப்படியின் ஒரு படி 15 முதல் 18 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பழைய வகை உயரமான பஸ்ஸில் முதல் படி மட்டுமே 35, 40 சென்டிமீட்டர் இருக்கலாம், அதாவது இரண்டு மாடிப்படிகளை ஒரே எட்டில் ஏறுவது. பெரியம்மா ஏறுவதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பஸ் வரும்போதே பையை இடது தோளுக்கு மாற்றிக்கொள்கிறார், வலது கை காலியாக இருக்க வேண்டும். கதவு திறந்ததும் காலைத் தூக்குவதில்லை, முதலில் கைப்பிடியைத் தேடுகிறார். கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலி குறைந்த காலை முதலில் வைத்து, கையால் உடம்பை மேலே இழுத்து, அப்புறம்தான் மற்ற காலை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்து நின்ற பிறகுதான் அடுத்த படி. நமக்கு இரண்டு நொடி ஆகும் வேலை, அவருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகிறது. அந்த நேரம் முழுக்க, பின்னால் நிற்பவர்களின் பொறுமை எப்போது தீரும் என்ற கவலை அவர் முகத்தில் தெரிகிறது.

தாழ்தளப் பஸ் வந்த இடங்களில் இந்தக் காட்சியே மாறிவிடுகிறது. கதவருகில் படியே கிடையாது, வண்டியின் தளமே ரோட்டிலிருந்து சுமார் 30, 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், பல வண்டிகளில் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் கதவுப் பக்கம் வண்டி இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும். நடைமேடையும் சரியான உயரத்தில் இருந்து, வண்டியும் அதை ஒட்டி நின்றால், ஏறுவது நடப்பதைப் போலவே ஆகிவிடும். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1991-லேயே குழாய் வடிவ நிலையங்கள் கட்டி, பஸ் தளத்தின் உயரத்துக்கே நடைமேடையை உயர்த்திவிட்டார்கள். எல்லாம் வண்டி ஒட்டி நிற்பதில்தான் இருக்கிறது. தாழ்தளப் பஸ்ஸே வந்தாலும், நிறுத்தத்தில் யாரோ காரை விட்டுவிட்டுப் போனதால் பஸ் நடுரோட்டில் நின்றால், வயதானவர் முதலில் நடைமேடையிலிருந்து ரோட்டில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் ஏற வேண்டும். அத்தனை பணம் போட்டு வாங்கிய வண்டியின் பலன் அங்கேயே போய்விடுகிறது. பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்துகிறவர், ஒரு நிமிடம்தானே என்று நினைப்பவர், யாருக்கு எவ்வளவு கஷ்டம் கொடுக்கிறோம் என்று ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஏறியதோடு முடிவதில்லை. உட்காருவதற்கு முன் வண்டி நகர்ந்துவிடும் அந்தச் சில நொடிகள்தான் வயதானவர்கள் மிகவும் பயப்படும் நேரம். பஸ்ஸுக்குள் முதியவர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பங்கு மோதலே இல்லாமல், வண்டி சட்டென்று கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும்தான் ஏற்படுகிறது. இளைஞன் ஒருவன் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்வான். எலும்பு பலவீனமான எழுபத்தைந்து வயதுக்காரர் தடுமாறினால் அது இடுப்பு எலும்பு முறிவாக முடியலாம், அப்புறம் எத்தனையோ மாதம் படுக்கை. ஒரே ஒரு தடவை அப்படித் தடுமாறி, விழாமல் தப்பித்துவிட்டால்கூட, பலர் அதோடு பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்து, அவர் உட்கார்ந்த பிறகு வண்டியை எடுக்கும் ஓட்டுநர் ஒரு மனிதரின் அடுத்த ஐந்து வருட நடமாட்டத்தைக் காப்பாற்றுகிறார் என்று சொன்னால் அது மிகையே இல்லை. ஆனால் இதை ஓட்டுநரின் நல்ல மனசுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. கால அட்டவணையில் அந்தப் பத்து நொடிக்கு இடம் கொடுக்காமல், தாமதமானால் அவரைக் கேள்வி கேட்டால், எந்த ஓட்டுநரால் காத்திருக்க முடியும்?

நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும் வழியையும் விட்டுவிட முடியாது. சாலையைக் கடக்கும் பச்சை விளக்கின் நேரத்தைப் பல இடங்களில் ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடையை அளந்து பார்த்தபோது, ஆண்கள் சராசரியாக நொடிக்கு 0.9 மீட்டரும் பெண்கள் 0.8 மீட்டரும்தான் நடந்தார்கள். நடு ரோட்டில் விளக்கு மாறுகிறதென்றால் தவறு அவர்களின் காலில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2009-ல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும். எந்தப் பயண அட்டையை வைத்துப் பஸ் ஏறுகிறாரோ, அதே அட்டைதான் ரோட்டையும் கடக்க வைக்கிறது.

அப்புறம் உட்கார ஒரு பெஞ்சு. நிழல். முடிந்தால் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை. இந்தக் கடைசி விஷயத்தை வயதானவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள், கூச்சம். ஆனால் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் முதியோருக்கு உகந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களிடமே கேட்டுத் தயாரித்தது. எட்டுத் தலைப்புகளில் ஒன்று போக்குவரத்து, இன்னொன்று திறந்தவெளிகளும் கட்டடங்களும். பெஞ்சும் கழிப்பறையும் அதில் இருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள், கேட்பதில்தான் நாம் குறை வைக்கிறோம்.

சமீப வருடங்களில் புதிதாக ஒரு தடை வந்திருக்கிறது, போன். பஸ் எப்போது வரும் என்பது போனில், டிக்கெட் போனில், வழித்தடம் மாறிய செய்தியும் போனில். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சில்லறை வாங்குவதை நிறுத்தி, நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையையும் எடுத்துவிட்டால், ஒருவர் மறுபடியும் மகனிடம் போய் நிற்க வேண்டியதுதான். வாடகைக் காருக்கும் இதே கதி. "ஆப்பில் புக் பண்ணினால் வாசலுக்கே வருமே" என்பார்கள். ஆப் மருமகள் போனில் இருக்கும், ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும், எங்கே போகிறார் என்பது வீடு முழுக்கத் தெரிந்துவிடும். எழுபது வயதில் ஒருவருக்கு, தான் எங்கே போகிறோம் என்று சொல்லாமல் போகும் உரிமை இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றால் பெரிய எழுத்தில் எண் பலகையும், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரலும், காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டும் தொடர வேண்டும்.

பஸ்ஸே ஏற முடியாத நிலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு வாசலுக்கு வரும் சிறிய வண்டிகள் வேண்டும். அமெரிக்காவில் மாற்றுத் திறனாளிகளுக்கான 1990-ம் வருடச் சட்டம், வழக்கமான வழித்தடப் பஸ்ஸைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு அத்தகைய மாற்றுச் சேவையைக் கட்டாயமாக்கியது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வீட்டில் ஒரு பெரியவர் பஸ்ஸை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்றால், அவரை மறுபடி பழக்கலாம். அறிவுரை சொல்லிப் பயனில்லை, கூடவே போக வேண்டும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அவருக்குப் பிடித்த ஓர் இடத்துக்கு, அவரே டிக்கெட் வாங்கி, அவரே எங்கே இறங்குவது என்று பார்க்க, நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். இது நினைப்பதைவிடக் கஷ்டம். கை தானாக அவர் முழங்கையைப் பிடிக்கப் போகும். தேவையில்லாதபோது பிடிக்காதீர்கள், கைப்பிடி எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். ஒன்றிரண்டு தடவைக்குப் பிறகு நீங்கள் வர வேண்டாம் என்று அவரே சொன்னால் நல்ல அறிகுறி.

கடைசியாக ஒன்று. பஸ் வழித்தடங்களைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பது நடுப்பகல் சேவைகளில்தான். காலையிலும் மாலையிலும் வண்டி நிறைந்து ஓடுகிறது, பதினொரு மணி பஸ்ஸில் எட்டுப் பேர், அதனால் அதை நிறுத்து என்று ஏட்டில் கணக்குச் சரியாகவே வரும். அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் வயதானவர்கள் என்று அந்தக் கணக்கில் இருக்காது. காலைக் கூட்டத்தில் ஏற முடியாது என்பதால்தான் அவர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். அதை எடுத்துவிட்டால் அவர்கள் காலை எட்டு மணி வண்டிக்கு மாற மாட்டார்கள், வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். யாரும் புகார் கூடக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்து வழித்தடத்தில் அட்டவணையை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்து கருத்துக் கேட்டால், நீங்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் போகாதவராக இருந்தாலும், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே எத்தனை வண்டிகள் ஓடும், அதில் எத்தனை தாழ்தள வண்டிகள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.